மரச்சாராயமும் வெயிலும்

மெதனால் என்ற பெயரை நம்மவரிற் பெரும்பாலோர் மரணச் செய்தியிலேதான் முதன்முதலாகப் படித்திருப்பர். 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெதனால் கலந்த மலிவான மதுவைக் குடித்துப் பலர் மாண்டனர். அவர்களுள் பிழைப்பு நாடி இந்நாட்டிற்கு வந்த அயல்நாட்டுத் தொழிலாளர் மிகுதி. 2024 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் கள்ளச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அங்கும் கொன்றது மெதனாலே. சம்சு என்னும் சொல்லைக் கேட்டே வளர்ந்த தோட்டப்புறத்தார்க்கு இவை புதிய செய்திகள் அல்ல. குடித்தவன் மறுநாள் கண் மங்குகிறது என்று சொன்னால், அப்பால் நடக்கப் போவது என்னவென்று பழைய தோட்டத்து டிரஸர்மார் நன்கு அறிந்திருந்தனர்.

அதே மெதனாலை நீருடன் கலந்து ஒரு கண்ணாடிக் கலத்தில் இட்டு, பிளாட்டினம் போன்ற ஓர் உலோகத்தைச் சிறிதளவு ஏற்றிய வெள்ளைப் பொடி ஒன்றை அதிற் கலக்கி, ஒளி படும்படி வைத்தால், கலத்திலிருந்து ஹைட்ரஜன் வாயு குமிழியிட்டு எழும். நெருப்பு வேண்டா; மின்சாரமும் வேண்டா. ஹைட்ரஜனை எதிர்கால எரிபொருள் என்று உலகம் பேசும் இந்நாளில், நம் அரசாங்கமும் 2023 அக்டோபரில் ஹைட்ரஜன் பொருளாதாரத்திற்கென ஒரு வழிகாட்டித் திட்டத்தை வெளியிட்டிருக்கும் நிலையில், இவ்வினையின் வரலாறு ஆசிரியர்களாகிய நமக்குத் தெரிந்திருக்க வேண்டுவது. கண்ணைக் குருடாக்கும் வினையும் கலத்தில் வாயுவை எழுப்பும் வினையும் ஏறிச் செல்லும் படிகள் ஒன்றே. இந்த ஆராய்ச்சியோடு ஒரு கணக்குப் பிழையும் நெடுநாளாய்க் கூடவே வருகின்றது. அவ்விரண்டையும் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

முதலில் மெதனாலின் பிறப்பைப் பார்ப்போம். 1661-இல் ஆங்கில நாட்டு ராபர்ட் பாயில், மரத்தைக் காற்றுப் புகாத கலத்தில் வைத்துக் காய்ச்சி, அதிலிருந்து வடிந்த நீர்மத்தினின்று எரியும் இயல்புடைய ஒரு திரவத்தைப் பிரித்தார். மரச்சாராயம் என்று பெயர் வந்தது இதனால்தான். 1834-இல் பிரெஞ்சு இரசாயனிகளாகிய துமாவும் பெலிகோவும் அதன் கூறுகளை ஆராய்ந்து கண்டனர். கிரேக்க மொழியில் மதுவைக் குறிக்கும் சொல்லையும் மரத்தைக் குறிக்கும் சொல்லையும் ஒட்ட வைத்து அவர்கள் ஆக்கிய பெயரே தேய்ந்து இன்றைய மெதனாலாயிற்று. ஆக, மரமும் மதுவும் அதன் பெயரிலேயே இருக்கின்றன. 1923-இல் ஜெர்மனியின் லொய்னா நகரில் இக்கதை திசை மாறியது. கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரஜனையும் மிகுந்த அழுத்தத்தில், துத்தநாகமும் குரோமியமும் சேர்ந்த ஊக்கியின்மேல் செலுத்தி, மரமே இல்லாமல் மெதனால் செய்யும் பெருந்தொழிலை பி.ஏ.எஸ்.எப். நிறுவனம் அங்கே தொடங்கியது.

இன்று உலகில் விற்கும் மெதனாலில் பெரும்பங்கு இயற்கை வாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருவது. நம் நாட்டில் லாபுவான் தீவில் பெட்ரோனாஸ் நிறுவனத்தின் 2 ஆலைகள் உள்ளன. ஒன்று ஆண்டுக்கு 6 லட்சத்து 60 ஆயிரம் டன்னும், 2009-இல் எழுந்த மற்றொன்று 17 லட்சம் டன்னும் செய்ய வல்லவை. கடலடி வாயுவை நீராவியோடு சேர்த்து ஹைட்ரஜனாகவும் கார்பன் மோனாக்ஸைடாகவும் உடைத்து, பிறகு அவ்விரண்டையும் மெதனாலாகக் கூட்டுவது அங்கு நடைபெறும் வேலை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பார்க்கும்போது தேவைப்படும்.

இனி அந்த வெள்ளைப் பொடி. அது டைட்டானியம் ஆக்ஸைடு. அதன் மூல மண் நமக்கு அந்நியமன்று. 1857-இல் அம்பாங்கிற்கு ஈயம் தேடிச் சென்றவர்கள் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் இறங்கியதிலிருந்து கோலாலம்பூர் உண்டாயிற்று என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த வரலாறு. அம்பாங்கிலும் சுங்கை பீசியிலும் பூச்சோங்கிலும் மண்ணைக் கழுவி ஈயத்தைப் பிரித்தபோது, ஈய மணலோடு கனத்த கறுப்பு மணலும் அடியில் தங்கும். ஈயத்தைச் சுத்தம் செய்த பின் எஞ்சும் இந்தக் கறுப்பு மணலுக்கு அமாங் என்று பெயர். அதிற் பெரும்பங்கு இல்மனைட்டு. இரும்பும் டைட்டானியமும் கூடிய கனிமம் அது. டூலாங் தட்டைச் சுழற்றி ஆற்றில் ஈயம் அரித்த பெண்களுக்கு அது வேண்டாத குப்பை. பிற்காலத்தில்தான் அதற்கு விலை கிடைத்தது. தமிழ்நாட்டில் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இல்மனைட்டை அமிலத்தில் கரைத்து இரும்பை நீக்கி எடுக்கும் வெண்பொடியே இன்று சுவர்ப் பூச்சிலும் காகிதத்திலும் பற்பசையிலும் வெண்மை தருகின்றது.

இப்பொடி பூச்சுக்காரர்களுக்குப் பெருந்தொல்லையும் கொடுத்தது. முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து இது வெள்ளைப் பூச்சுகளில் சேரத் தொடங்கியது. சில ஆண்டுகள் வெயிலில் நின்ற பூச்சுகள் மாவு மாவாய் உதிர்ந்தன. தோட்டப் பள்ளிகளின் பலகைச் சுவரில் சாய்ந்த பிள்ளைகளின் முதுகில் வெள்ளை ஒட்டிக்கொள்வதைக் கண்டிராத ஆசிரியர் இருக்க மாட்டார். பூச்சு மட்டம் என்று நாம் சொல்லிவிடுவோம். ஆனால் நடப்பது வேறு. வெண்பொடி வெயிலை உண்டு, தன்னைச் சுற்றியுள்ள எண்ணெய்ப் பசையைச் சிறிது சிறிதாக எரித்துவிடுகிறது. பசை போனதும் பொடி உதிர்கிறது. 1938-இல் லண்டனில் குடீவ், கிச்சனர் என்னும் இருவர், இப்பொடி ஒளியில் சாயங்களை வெளுக்கச் செய்வதை அளந்து எழுதினர். பூச்சுத் தொழிலார் இக்குணத்தை அடக்கப் பொடிமணிகளின்மேல் அலுமினாவும் சிலிக்காவும் போர்த்தினார்கள், இன்றும் போர்த்துகிறார்கள். அவர்கள் அடக்கிய குணத்தையே பின்னாளில் இரசாயனிகள் தேடி எடுத்தனர்.

இந்திய நாட்டில் அலகாபாத்தில் நீல் ரத்தன் தர் இதே துறையில் உழைத்தார் என்பதை நம் புத்தகங்கள் ஏனோ சொல்வதில்லை. 1931-இல் அவரும் கோபால ராவும், டைட்டானியம் ஆக்ஸைடு முதலியவற்றின் முன்னிலையில் வெயில் அம்மோனியாவை மாற்றுவதை எழுதி, வயல் மண்ணிலும் அது நிகழ்கின்றது என்று வாதித்தனர். மண்ணில் அதன் பங்கு எவ்வளவு என்பதில் பிறர் அவர்களோடு ஒத்துப்போகவில்லை. ஆயினும் வெயிலும் ஒரு வெண்பொடியும் சேர்ந்தால் ஒரு வேலை நடக்கும் என்று அவ்வளவு முன்னே கண்டது சிறிய செயலன்று. அதற்கும் முன்பே, 1912-இல், இத்தாலியின் பொலோனா நகரப் பேராசிரியர் சாமிசியான் நியூயார்க்கிற் கூடிய இரசாயன மாநாட்டில், நிலக்கரி ஒருநாள் தீரும், அப்போது வெயிலே மனிதனுக்கு வேலை செய்ய வேண்டும் என்று பேசியிருந்தார்.

வெயிலுக்கு அந்த வேலையைக் கொடுத்துக் காட்டியவர் டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் ஹோண்டாவின் மாணவராயிருந்த பூஜிஷிமா. 1967-இல் அவர் டைட்டானியம் ஆக்ஸைடுப் படிகம் ஒன்றை நீரில் நிறுத்தி, பிளாட்டினத் தகட்டோடு கம்பியால் இணைத்து, ஒளியைப் பாய்ச்சினார். படிகத்தில் ஆக்ஸிஜனும் பிளாட்டினத்தில் ஹைட்ரஜனும் எழுந்தன. முதலில் நம்பாதவர் பலர். 1972-இல் நேச்சர் இதழில் அது வெளிவந்தது. மறு ஆண்டு எண்ணெய் நெருக்கடி வரவே, உலகின் கண் அதன்மேல் விழுந்தது. நீரும் வெயிலும் இருந்தால் எரிபொருள் கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது! ஆனால் விளைவு அற்பமாகவே இருந்தது. காரணம் இரண்டு. டைட்டானியம் ஆக்ஸைடு புற ஊதா ஒளியை மட்டுமே உண்ணும். வெயிலில் அதன் பங்கு நூற்றுக்கு நான்கோ ஐந்தோதான். இரண்டாவது காரணம் இன்னும் கசப்பானது. கம்பியை விடுத்து, பிளாட்டினத்தைப் பொடியின்மேலேயே ஏற்றிவிட்டால், பிரிந்த ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் அதே பிளாட்டினத்தின்மேல் மீண்டும் கூடி நீராகிவிடும். ஹைட்ரஜனைப் பிளாட்டினத்தின்மேல் செலுத்தினால் அது காற்றோடு கூடித் தானே தீப்பற்றும் என்பதை டோபரைனர் 1823-இலேயே விளக்கு ஒன்று செய்து காட்டியிருந்தார் அல்லவா? ஊக்கி போகிற வழிக்கும் உதவும், திரும்புகிற வழிக்கும் உதவும்.

இந்த இக்கட்டிலிருந்து வெளியே வந்த வழிதான் மெதனால். 1980-இல் ஜப்பானின் ஒகசாக்கி நகர மூலக்கூறு விஞ்ஞானக் கழகத்தில் கவாய், சகாதா என்னும் இருவர், உலோகம் ஏற்றிய டைட்டானியம் ஆக்ஸைடுப் பொடியை மெதனாலும் நீரும் கலந்த நீர்மத்தில் இட்டு ஒளி காட்டினார்கள். ஹைட்ரஜன் ஏராளமாக வந்தது. அதன் இயக்கத்தை இப்படி விளக்கலாம். ஒளி பட்டதும் பொடிமணியில் ஓர் எலெக்ட்ரான் தன் இடத்தை விட்டு எழுகிறது. அது இருந்த இடம் வெற்றிடமாகிறது. எழுந்த எலெக்ட்ரான் மறுபடியும் தன் வெற்றிடத்திலேயே விழுந்துவிட்டால் ஒளி வீண். கொஞ்சம் சூடுதான் மிச்சம். ஆனால் அருகே மெதனால் இருந்தால், வெற்றிடம் அதனிடமிருந்து எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. தனித்து நின்ற எலெக்ட்ரான் பிளாட்டினத்தை அடைந்து, அங்கே ஹைட்ரஜன் அயனிகளை இரண்டிரண்டாய்ச் சேர்த்து வாயுவாக்குகிறது. ஒளியை வாங்குவது வெண்பொடி. வாயுவைக் கோத்து விடுவது உலோகம். அவ்வுலோகமும் பொடியின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கோ அதனினும் குறைவோதான். ஆக்ஸிஜன் வாயுவாக எழுவதே இல்லை. ஆகவே திரும்பிக் கூடுதலும் இல்லை.

மெதனால் என்ன ஆகிறது? மூன்று படி. முதற் படியில் ஹைட்ரஜனை இழந்து பார்மால்டிஹைடு ஆகிறது. பிராணிகளின் உடலைப் பதப்படுத்த ஆய்வுக்கூடத்தில் வைத்திருக்கும் பார்மலினில் இருப்பது இதுவே. இரண்டாம் படியில் நீரோடு சேர்ந்து மீண்டும் ஹைட்ரஜனை விட்டுப் பார்மிக் அமிலம் ஆகிறது. மூன்றாம் படியில் அதுவும் உடைந்து கரியமில வாயுவும் ஹைட்ரஜனும் ஆகிறது. 32 கிலோ மெதனாலும் 18 கிலோ நீரும் முற்றும் வினைப்பட்டால் 6 கிலோ ஹைட்ரஜனும் 44 கிலோ கரியமில வாயுவும் வரும்.

மெதனால் குடித்தவனின் கல்லீரலிலும் இதே ஏணிதான். அங்கே பிளாட்டினம் இல்லை, நொதி இருக்கிறது. அது மெதனாலின் ஹைட்ரஜனைக் கழற்றி உடலின் வேறொரு பொருளிடம் ஒப்படைக்கிறது, பார்மால்டிஹைடு பிறக்கிறது, அடுத்த நொதி அதைப் பார்மிக் அமிலமாக்குகிறது. மூன்றாம் படியில்தான் மனித உடல் திணறுகிறது. பார்மிக் அமிலத்தை விரைந்து கரியமில வாயுவாக்க நம் உடலால் இயலவில்லை. அது தேங்கி, உயிரணுக்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது; கண் நரம்பு முதலில் பலியாகிறது. எனவே கொல்வது மெதனால் அன்று; மெதனால் ஏறிய இரண்டாம் படியே கொல்கிறது. மருத்துவமனையில் எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பதும் இந்தக் கணக்கில்தான்: நொதி எத்தனாலைப் பற்றிக்கொண்டு மெதனாலை விட்டுவிடும். இது மருத்துவர் கண்காணிப்பில் செய்வது. வீட்டு வைத்தியமன்று என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது சேர்த்தே சொல்லுக.

பார்மிக் அமிலம் நமக்கு எத்தனை பழக்கமான பொருள்! பால்மரத் தோட்டத்தில் பாலை உறைய வைக்க ஊற்றும் ஆசிட் அதுதான். எறும்பைக் காய்ச்சி முதலில் எடுத்ததால் எறும்பின் இலத்தீன் பெயரைப் பெற்ற அமிலம். ஸ்டோரில் அதன் நெடியை முகர்ந்து வளர்ந்தவர்களுள் நானும் ஒருவன். சம்சு குடித்தவரின் இரத்தத்திலும் அதே அமிலம் தேங்கியது என்பது எனக்கு மிகப் பிற்காலத்தில், பயிற்சிக் கல்லூரியை விட்ட பிறகே தெரிந்தது. டைட்டானியத்தின்மேல் அது தேங்குவதில்லை. கல்லீரல் திணறும் மூன்றாம் படியை வெண்பொடி எளிதாகக் கடந்துவிடுகிறது.

இனிக் கணக்குப் பிழைக்கு வருவோம். 18 கிராம் நீரைப் பிளந்து 2 கிராம் ஹைட்ரஜன் எடுக்க வேண்டிய கட்டிலா ஆற்றல் 237 கிலோஜூல். மெதனாலும் நீரும் சேர்ந்து அதே 2 கிராம் ஹைட்ரஜனைத் தருவதற்கு வேண்டியது சுமார் 3 கிலோஜூல். ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்குதான். இது தென்னை ஏறுவதற்கும் திண்ணை ஏறுவதற்கும் உள்ள வேறுபாடு. ஹைட்ரஜன் ஏராளமாக வந்ததற்குக் காரணம் ஊக்கியின் பேராற்றல் மட்டுமன்று. மெதனால் முன்னமே ஆற்றலைச் சுமந்து வந்ததும் காரணம். அதில் வெயில் சேர்த்தது சிறிது. வந்த ஹைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்குதான் நீரினுடையது. மற்ற இரு பங்கும் மெதனாலின் சொந்தச் சொத்து.

ஆய்வுக் கட்டுரைகளில் இவ்வாறு தன்னைக் கொடுத்து ஹைட்ரஜனை விடும் பொருளைப் பலிப்பொருள் என்ற கருத்துப்படப் பெயரிட்டு அழைக்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் நேர்மையாகத்தான் வைத்தார்கள். பிழை அதன் பின்னே நேர்ந்தது. ஊக்கியின் திறத்தை அளக்க மெதனாலைச் சேர்ப்பது ஆய்வுக்கூட வழக்கமாகிவிட்டது. அளவு பெரிதாக வந்ததும், அது நீரைப் பிளந்த அளவு என்றே செய்தியில் பேசப்படுகின்றது. முனியாண்டிக்குக் கிடா வெட்டி விருந்து வைத்துவிட்டுச் செலவுக் கணக்கில் அரிசியை மட்டும் எழுதினால் எப்படியோ, அப்படி இருக்கிறது இது. பிறரைக் குறை கூறி நான் தப்ப வழியில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சி ஒன்றில், "நீர், வெயில் சேர்ந்தால் ஹைட்ரஜன்" என்று எழுதிய அழகான படம் ஒன்று இருந்தது. படத்தின் மூலையில் மெதனால் புட்டியும் சிறியதாய் வரையப்பட்டிருந்தது. அதற்கு முதற்பரிசு கொடுத்த நடுவர் மூவரில் நானும் ஒருவன். அந்தப் புட்டி எதற்கு என்று நாங்கள் மூவரும் கேட்கவில்லை.

மெதனால் புட்டியைக் கணக்கில் சேர்த்தால் இவ்வாராய்ச்சி பயனற்றதாகிவிடுமா? ஆகாது. ஹைட்ரஜனைத் திரவமாக்க அதைச் சுழியத்திற்குக் கீழே 253 டிகிரிக்குக் குளிர வைக்க வேண்டும். மெதனாலோ சாதாரணப் பீப்பாயில் அடங்கும், 65 டிகிரியில்தான் கொதிக்கும். தூரத்திற்குக் கொண்டுசெல்ல மெதனாலும், வேண்டிய இடத்தில் அதிலிருந்து ஹைட்ரஜனும் என்பது பொருளுள்ள ஏற்பாடே. இன்று தொழிற்சாலைகளில் மெதனாலிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க 200 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் செம்பு கலந்த ஊக்கியும் வேண்டியிருக்கின்றன. ஒளி அந்தச் சூட்டை மிச்சப்படுத்தும். ஆனால் லாபுவானில் வாயுவை உடைத்து எடுத்த ஹைட்ரஜனையே மெதனாலில் பூட்டி, பிறகு வெயிலைக் கொண்டு அதைத் திறந்துவிட்டு, வெயில் தந்த ஹைட்ரஜன் என்று பெயரிடக் கூடாது. உடன் வரும் 44 கிலோ கரியமில வாயுவும் எங்கும் போய்விடவில்லை.

நம் பக்கத்தில் இத்துறை வெறிச்சோடிக் கிடக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸுக்கு அணித்தேயுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் நானோ தொழில்நுட்பத்திற்கும் வினையூக்கத்திற்கும் ஆய்வு மையம் உண்டு. பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் எரிகல ஆய்வுக் கழகம், மெதனாலை நேரே மின்சாரமாக்கும் கலங்களையும் ஒளியால் நீரைப் பிரிக்கும் மின்வாய்களையும் ஆராய்ந்து வந்திருக்கிறது. பேராக்கில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் விலை மிகுந்த பிளாட்டினத்தை விடுத்துச் செம்பும் நிக்கலும் ஏற்றிய டைட்டானியம் ஆக்ஸைடைச் சோதித்துள்ளனர். சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2006 முதல் வினையூக்கத்திற்கென ஒரு தேசிய ஆய்வு மையம் இயங்குகிறது. செம்பும் நிக்கலும் பிளாட்டினத்தின் இடத்தைப் பிடிப்பது விலைக் கணக்கை மாற்றும். நான் மேலே சொன்ன ஆற்றல் கணக்கை மாற்றாது. அதை மாற்ற வேண்டுமானால் பலிப்பொருளே வெயிலிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும்.

இதையும் கவாயும் சகாதாவும் அன்றே எண்ணியிருந்தனர் என்பதுதான் வியப்பு. அதே 1980-இல் நேச்சர் இதழில் அவர்கள் எழுதிய கட்டுரை சர்க்கரை, மாவுப்பொருள், மரநாராகிய செல்லுலோஸ் ஆகியவற்றிலிருந்து ஒளியால் ஹைட்ரஜன் எடுத்ததைப் பற்றியது. செடி வெயிலில் கட்டியதை வெயிலைக் கொண்டே அவிழ்ப்பது. வெளிவரும் கரியமில வாயு செடி முன்பு காற்றிலிருந்து எடுத்ததே. பாயிலின் மரக்கட்டை மீண்டும் கதைக்குள் வந்துவிட்டது. மெதனாலைப் போல அது பெயர் பெறவில்லை, ஏனென்றால் செல்லுலோஸ் நீரில் கரையாது. பொடியின்மேல் வந்து ஒட்டாது. 2016-இல் பிரிட்டனின் கார்டிப், பெல்பாஸ்ட் பல்கலைக்கழகத்தார், பல்லேடியம், தங்கம், நிக்கல் ஆகியவற்றை டைட்டானியம் ஆக்ஸைடில் ஏற்றிச் செல்லுலோஸைச் சோதித்தனர். பிறகு தோட்டத்துப் புல்லையே வெட்டிப் போட்டு ஒளி காட்டினர். செல்லுலோஸ் முதலில் நீரோடு சேர்ந்து சர்க்கரையாக உடைந்து, அந்தச் சர்க்கரை ஹைட்ரஜனை விட்டது. விலை குறைந்த நிக்கலும் அங்கே வேலை செய்தது. புல்லைப் பக்குவப்படுத்தவும் இல்லை, காய்ச்சி வடிக்கவும் இல்லை, வெட்டியபடியே இட்டார்கள்.